மனச்சாட்சியும் கொறடாவும்: ஜனாதிபதித் தேர்தல்களை முன்வைத்து

‘மனச்சாட்சி’ என்ற சொல் இந்தியத் தேர்தல் அரசியலின் சொல்லாடலுக்குள் எப்போது நுழைந்தது என்று கேட்டால் கிட்டத்தட்டத் தேதி குறித்தே சொல்லிவிடலாம்: 1969 ஆகஸ்ட். அதற்கு முன்னால் அது காந்தியின் எழுத்தில் இருந்தது, பிரசங்கங்களில் இருந்தது, சினிமா வசனத்தில் நிறையவே இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் அது எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்காக மாறியது. ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் ‘கட்சியா, கொள்கையா’ என்று நாம் போடுகிற சண்டை அன்றைக்கு அமைக்கப்பட்ட மேடையில்தான் இன்னும் நடக்கிறது. ஒரு பக்கம் விசுவாசம், ஒழுங்கு, கொறடா. மறுபக்கம் தனிமனிதன், அவனது உள்ளொலி, கருத்தியல் தூய்மை. இந்த இருமை எதிர்வை அப்படியே ஏற்றுக்கொண்டு ஏதாவதொரு பக்கம் உட்காருவதுதான் வழக்கம். அந்த எதிர்வு எப்படிக் கட்டப்பட்டது, அதில் எது மறைக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1969 மே 3 அன்று ஜாகிர் ஹுசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. பிரதமர் இந்திரா காந்தி சொன்ன பெயர் ஜகஜீவன் ராம், அது எடுபடவில்லை. ஊர் திரும்பிய இந்திரா, ரெட்டியை ஆதரித்த மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார். ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தால் தேசியமயமாயின. கிரி பதவி விலகிச் சுயேச்சையாக நின்றார். ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரே இந்திராதான். கட்சி முடிவு, கையெழுத்துப் போட்டாச்சு. அதன் பிறகுதான் ‘மனச்சாட்சி’ வருகிறது.

அது வந்த வழியும் சுவாரசியமானது. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கத் தலைவர்களையும் சுதந்திராக் கட்சித் தலைவர்களையும் சந்தித்து, அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குக் கேட்டார். ‘வகுப்புவாதிகளோடும் முதலாளித்துவக் கட்சியோடும் பேரமா?’ என்று இந்திரா தரப்பு பிடித்துக்கொண்டது. கொறடா உத்தரவு பிறப்பிக்கும்படி நிஜலிங்கப்பா கேட்டபோது இந்திரா மறுத்தார். உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றார். அதாவது, ஆட்சியதிகாரத்தின் உச்சியில் இருக்கிற ஒருவர், தன் கட்சிக்காரர்களைப் பார்த்து ‘உங்களுக்கு மனச்சாட்சி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்’ என்று சொல்கிறார். அந்த மனச்சாட்சி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது டில்லியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அல்துஸ்ஸர் கருத்தியலைப் பற்றிச் சொல்லும்போது அது தனிமனிதனை ‘ஏய், நீதான்!’ என்று கூப்பிட்டுத் தன்னிலையாக்குகிறது என்பார். 1969இல் நாடாளுமன்ற உறுப்பினரின் ‘சுதந்திரமான’ தன்னிலை அப்படித்தான், ஒரு கூப்பிடுதலுக்குத் திரும்பிப் பார்த்ததில் உருவானது. கொறடா வாபஸ் வாங்கப்படவில்லை. அது உடம்புக்கு வெளியிலிருந்து உள்ளே போனது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் காமராஜர் இருந்தார். தமிழ்நாட்டு வாசகர் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுவே. ‘சிண்டிகேட்’ என்றால் வலதுசாரிகள், பண முதலைகளின் ஆட்கள் என்கிற கதையாடல் எஸ்.கே.பாட்டீலுக்குப் பொருந்தலாம். 1955இல் ஆவடியில் சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியபோது இம்மாநிலத்தின் முதல்வராக இருந்தவருக்கு அது பொருந்துமா? கட்சிக்காக 1963இல் முதல்வர் நாற்காலியையே விட்டுவிட்டுப் போனவர் காமராஜர். 1966இல் இந்திராவைப் பிரதமராக்கியதிலும் அவர் பங்கு பெரியது. அவரைப் பொறுத்தவரை கட்சி ஒரு முடிவெடுத்தால் அது முடிவு. பிரதமரே ஆனாலும் குழுவில் தோற்றுவிட்டு வெளியே வந்து ஆட்டத்தின் விதியை மாற்றக்கூடாது. இதை வெறும் விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. தலைவருக்கும் மேலே ஒரு அமைப்பு இருக்கிறது என்பதும் ஒரு கொள்கைதான். இந்திய அரசியலில் பிறகு அது என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்கு அதன் விலை புரியும். ஆனால் அந்தக் கொள்கையைக் காப்பாற்ற காமராஜர் ஜனசங்கத்தின் இரண்டாம் விருப்ப வாக்குகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கட்சி விசுவாசம் அவரைக் கருத்தியல்ரீதியாகத் தனக்குப் பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இந்திராவின் மனச்சாட்சியோ அவரைப் ‘புரட்சி’யின் பக்கம் நிறுத்தியது. யார் தூய்மையானவர்?

ஆகஸ்ட் 16இல் வாக்குப்பதிவு, 20இல் எண்ணிக்கை. கிரிக்கு முதல் விருப்ப வாக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169; யாரும் எட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எடுத்தார்கள். ரெட்டி தடதடவென்று மேலே ஏறி 4,05,427இல் நின்றார். கிரி 4,20,077. வித்தியாசம் 14,650.

இந்த 14,650ஐக் கொஞ்சம் கையில் வைத்துப் பார்ப்போம். அன்றைக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576. 1967இல் தி.மு.க. வென்ற மக்களவை இடங்கள் 25. பெருக்கினால் 14,400. அந்த இருபத்தைந்து பேர் மட்டும் அந்தப் பக்கம் போயிருந்தாலே ரெட்டி ஜனாதிபதி. தமிழகச் சட்டமன்றத்தையும் இடதுசாரிகளையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆக, ‘மனச்சாட்சி வென்றது’ என்று எழுதப்பட்ட வரலாற்றில், வெற்றியைச் சாத்தியமாக்கியவர்கள் மனச்சாட்சிப்படி தனித்தனியாக யோசித்து வாக்களித்தவர்கள் மட்டுமல்ல. தி.மு.க.வும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் கட்சியாக முடிவெடுத்து, கட்சியாக வாக்களித்தன. மனச்சாட்சி காங்கிரசுக்குள் மட்டும் விற்பனையான சரக்கு. அதற்கு வெளியே கட்டுப்பாடுதான் வேலை செய்தது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு மதுரையின் மக்களவை உறுப்பினர் பி.ராமமூர்த்தி. மதுரை மேற்கின் சட்டமன்ற உறுப்பினர் என்.சங்கரய்யா. இருவருமே 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் உண்டு. காங்கிரசோடு எவ்வளவு தூரம் போவது என்பதும் அந்தப் பிளவின் மையக் கேள்விகளில் ஒன்று. ஐந்தே ஆண்டில் அவர்கள் கட்சி, இந்திராவின் கையை ஓங்க வைத்த வேட்பாளரின் பக்கம். துரோகம் என்று சொல்ல மாட்டேன். ரெட்டி வந்தால் வலதுசாரிக் கூட்டணியின் கை ஓங்கும் என்ற மதிப்பீடு அன்று நியாயமானது. தங்கள் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் என்ற நிலையில் எடுத்த முடிவு அது, எண்ணிக்கையும் அதை நிரூபித்தது. இந்த ‘தங்கள் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் என்ற நிலையில்’ என்ற வாசகத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். திரும்ப வருவேன்.

கிரியின் பிற்கால வரலாறும் நமக்குச் சில சொல்கிறது. தொழிற்சங்கவாதி, அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைக் கட்டியவர்களில் ஒருவர், 1954இல் வங்கி ஊழியர் தீர்ப்பாயத்தின் முடிவை அரசு திருத்தியதற்காக மத்திய தொழிலாளர் அமைச்சர் பதவியையே உதறியவர். கொள்கைக்காகப் பதவியை விட்ட மனிதர் என்றால் இவரைத்தான் காட்ட வேண்டும். அவர் ஜனாதிபதி மாளிகையில் இருக்கும்போதுதான், 1974 மே மாதம், ரயில்வே வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. ஆனையூரில் எங்கள் பக்கத்துத் தெருவில், கூடல்நகர் ஸ்டேஷன் பக்கமாகச் சாயங்காலம் நடக்கப்போகும் ஓய்வுபெற்ற ரயில்வேத் தோழர் ஒருவர் இருந்தார். ‘எங்க சம்மேளனத்து ஆளுதான்ப்பா மேல உக்காந்திருந்தாரு. எங்களப் புடிச்சு உள்ள போட்டப்ப அவரும் என்ன செய்ய முடியும்? நாற்காலி அப்பிடி’ என்பார். கோபமே இல்லாமல் சொல்வார். எனக்குத்தான் கோபம் வரும். வேட்பாளரின் கடந்தகாலத் தூய்மையை உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அவர் சொன்ன ‘நாற்காலி அப்பிடி’ என்பதில் ஒரு கோட்பாடே இருக்கிறது.

அப்படியானால் நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, அது அலங்காரப் பதவிதானே என்று இன்னொரு வாதம் கிளம்பும். இது சோம்பேறி வாதம். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ஆணையில் கையெழுத்திட்டவர் ஃபக்ருதீன் அலி அகமது. ஏழு மாதம் முன்பு நெருக்கடி நிலைப் பிரகடனத்திலும் அதே கைதான். 1991 ஜனவரி 30இல் மறுபடி கலைத்தபோது ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்திருந்தார். அறிக்கையே இல்லாமல் கையெழுத்திட்டவர் ஆர்.வெங்கட்ராமன், தமிழர். 1987இல் அவரை எதிர்த்து இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் நிறுத்தியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், 7,40,148க்கு 2,81,550 என்று தோற்றார். கிருஷ்ணய்யர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது வீண். ஆனால் கே.ஆர்.நாராயணன் என்ன செய்தார் என்பது தெரியும். 1997இல் உத்தரப் பிரதேசத்திலும் 1998இல் பீகாரிலும் ஆட்சிக் கலைப்புப் பரிந்துரையை மத்திய அமைச்சரவைக்கே திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பும் அந்த ஒரு முறை உரிமை சின்ன உரிமைதான். சின்ன உரிமையில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். தமிழக ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், அடுத்த மாதமே ஜனாதிபதியின் பெயரில் 14 கேள்விகள் நீதிமன்றத்துக்குப் போனதும், நவம்பரில் காலக்கெடு விதிக்க முடியாது என்ற கருத்து வந்ததும் பழங்கதை அல்ல.

2002க்கு வருகிறேன். குஜராத் நடந்த வருடம். பா.ஜ.க. கூட்டணி அப்துல் கலாமை முன்னிறுத்தியது. காங்கிரஸ் ஆதரித்தது, சமாஜ்வாதி ஆதரித்தது, இங்கே தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் ஆதரித்தன. எதிர்த்து நின்றவர்கள் இடதுசாரிகள் மட்டும். அவர்களுடைய வேட்பாளர் கேப்டன் லட்சுமி. இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர், கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், 1971இலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர். சென்னையில் பிறந்தவர். அவர் தாயார் அம்மு சுவாமிநாதன் 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். நமக்குப் பக்கத்து ஊர்த் தொகுதி, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதுரையில் அன்றைக்கு மார்க்சிஸ்ட் தோழராக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ராமேஸ்வரத்துக்காரர், தமிழர், முஸ்லிம், ராக்கெட் விட்டவர். ‘அவரையே எதுக்குறீகளா?’ என்று டீக்கடையில் கேட்டால் என்ன பதில் சொல்வது? பதில் இருந்தது. அணுகுண்டையும் ஏவுகணையையும் தேசப் பெருமையாக்கும் அரசியலை எதிர்க்கிறோம், குஜராத்தில் கை நனைந்த ஒரு அரசு தன் முகத்தை ஒரு முஸ்லிம் பெயரால் கழுவிக்கொள்ளப் பார்ப்பதை எதிர்க்கிறோம் என்றார்கள். இதைச் சொல்லிவிட்டு வசவு வாங்கினார்கள். 9,22,884க்கு 1,07,366. படுதோல்வி. ஆனால் இந்த ஒரு தேர்தலில் கட்சிக்கும் கொள்கைக்கும் இடையில் எந்தப் பிளவும் இல்லை. மேலே எடுத்த முடிவைக் கீழே இருக்கிறவன் மனசார வாயால் சொல்ல முடிந்தது.

ஏன் பிளவு இல்லை? ஜெயிக்க வழியே இல்லை என்பதால் என்று ஒருவர் சொல்லக்கூடும். தோற்பது உறுதியானால் தூய்மையாக இருப்பது சுலபம். வாக்குக்கு மதிப்பு வரும்போதுதான் கை அழுக்காகும். 1969ஐயும் 2002ஐயும் மட்டும் பார்த்தால் இந்தச் சூத்திரம் சரியாகத்தான் வருகிறது: வாக்கு முடிவைத் தீர்மானித்த இடத்தில் சமரசம், தீர்மானிக்காத இடத்தில் தூய்மை. நல்ல யதார்த்தவாதம். இதைக் குலைத்தது 2012.

2012இல் காங்கிரஸ் வேட்பாளர் பிரணாப் முகர்ஜி. எதிரே அ.தி.மு.க.வும் பிஜு ஜனதா தளமும் முன்மொழிந்து, பா.ஜ.க. பின்னர் சேர்ந்துகொண்ட பி.ஏ.சங்மா. மார்க்சிஸ்ட் கட்சியும் ஃபார்வர்ட் பிளாக்கும் பிரணாபை ஆதரிப்பதாக அறிவித்தன. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆர்.எஸ்.பி.யும் வாக்களிப்பதில்லை என்றன. நால்வரும் ஒரே அணி! பிரணாப் யார்? எந்தத் தாராளமயப் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்து இந்தக் கட்சிகள் அந்த வருடம் பிப்ரவரியில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் நின்றனவோ, அந்தக் கொள்கையின் நிதியமைச்சர். மார்க்சிஸ்ட் கட்சியின் ஆய்வுப் பிரிவு அமைப்பாளர் பிரசேன்ஜித் போஸ் முடிவை எதிர்த்து விலகினார். கட்சி அவரை நீக்கியது. எதிர்த்துத் தீர்மானம் போட்ட ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கக் கிளையும் கலைக்கப்பட்டது. கட்சி சொன்ன காரணங்களில் முக்கியமானது, திரிணாமூல் காங்கிரஸ் பிரணாபை எதிர்க்கிறது, ஆளுங்கூட்டணிக்குள் விழுந்திருக்கும் அந்த விரிசலைப் பயன்படுத்த வேண்டும் என்பது. ஜூலை 17 அன்று மம்தா பானர்ஜி பிரணாபுக்கே வாக்களிக்கப்போவதாக அறிவித்தார். 19ஆம் தேதி தேர்தல். விரிசல் இரண்டு நாள் முன்னதாகவே மூடிக்கொண்டது. பிரணாப் 7,13,763, சங்மா 3,15,987. வித்தியாசம் நான்கு லட்சத்தை நெருங்குகிறது. மார்க்சிஸ்டுகளின் வாக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

லெனின் 1920இல் எழுதிய ‘இடதுசாரி கம்யூனிசம்: இளம்பருவக் கோளாறு’ நூலைத் தூய்மைவாதிகளின் தலையில் போடுவதற்கென்றே நம் தோழர்கள் கையில் வைத்திருப்பார்கள். அதில் வழிமறித்த கொள்ளைக்காரர்களிடம் உயிர் பிழைக்கப் பணத்தைக் கொடுப்பவனையும், கொள்ளையில் பங்குபெறக் கொடுப்பவனையும் ஒன்றாக்காதே என்பார். சரி. 2012இல் இரண்டும் இல்லையே. கொள்ளைக்காரன் வழிமறிக்கவே இல்லை, பங்கும் கிடையாது. நாமே தேடிப்போய்ப் பணப்பையைக் கொடுத்துவிட்டு வந்தோம். (2018இல் பிரணாப் நாகபுரிக்கு ஆர்.எஸ்.எஸ். விழாவுக்குப் போனதை இதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறையில்லை. 2012இல் தெரிந்ததே போதுமானது.)

அந்த ஜூன் மாதம் ஆனையூரில் எங்கள் வாசகர் கூட்டத்தில் இதுதான் பேச்சு. அதே ரயில்வேத் தோழர் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, ‘ஏம்ப்பா, ஓட்டு நமக்கா இருக்கு? எம்மெல்லே போடப் போறாரு. நீங்க எதுக்கு இம்புட்டுத் துடிக்கிறீக?’ என்றார். கல்லூரிப் பையன் ஒருவன் சொன்னான்: ‘போடப்போறது அவருதான் தாத்தா. நாளைக்குத் தெருவுல பதில் சொல்லப்போறது நாங்கல்ல?’ மதுரை தெற்கு அப்போது மார்க்சிஸ்ட் கட்சியின் தொகுதி, அ.தி.மு.க. அணியில் வென்றது. அந்த அணியின் தலைமை சங்மாவுக்கு, மார்க்சிஸ்ட் பிரணாபுக்கு, இந்தியக் கம்யூனிஸ்ட் யாருக்குமில்லை. பையன் தெருவில் என்ன பதில் சொல்வான்?

இந்த விவாதம் முழுக்க, அன்றைக்கும் பின்னாலும், ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. வாக்குச்சீட்டு. ஜனாதிபதித் தேர்தலின் சீட்டில் ஒரு முத்திரை குத்திவிட்டு வருவதில்லை. பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். ரகசிய வாக்கு. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது. கொறடா உத்தரவும் செல்லாது. இந்த ஏற்பாட்டின் அர்த்தமே, ‘என் கொள்கைக்கு ஒன்று, அது நடக்காவிட்டால் இருப்பதில் தேவலாம் என்பதற்கு இரண்டு’ என்று ஒரே காகிதத்தில் சொல்ல முடியும் என்பதுதான். 1969இல் நிஜலிங்கப்பா ஓடியது இந்த இரண்டாம் எண்ணைத் தேடித்தான். காங்கிரஸ் பிளவில் முடிந்த சண்டையே அதிலிருந்துதான் மூண்டது. இந்திய ஜனாதிபதித் தேர்தல்களில் இரண்டாம் விருப்பத்தை எண்ணும்படி ஆனதும் அந்த ஒரு முறைதான். அதன்பின் அந்த எண்ணையே மறந்துவிட்டார்கள். 2012இல் இடதுசாரிகள் 50 முன்மொழிபவர், 50 வழிமொழிபவரோடு ஒரு வேட்பாளரை நிறுத்தி, ஒன்றாம் எண்ணை அவருக்கும் இரண்டாம் எண்ணைப் பிரணாபுக்கும் போட்டிருக்கலாம். சங்மா ஜெயித்துவிடும் ஆபத்து துளியும் வந்திருக்காது. நான்கு கட்சிகள் மூன்று திசையில் போகவேண்டியிருந்திருக்காது.

இதை ஏன் யோசிக்கவில்லை? என் வாசிப்பு இது: நிறுத்தியிருந்தால் எண்ணிக்கை தெரிந்துபோயிருக்கும். 2002இல் கிடைத்த ஒரு லட்சத்துச் சொச்சம், 2011 வங்காளத் தோல்விக்குப் பின் எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்பது அச்சில் வந்திருக்கும். பெரிய கணக்கோடு சேர்ந்துவிட்டால் சிறுத்தது தெரியாது, வாக்களிக்காமல் இருந்தாலும் தெரியாது. ஆக, பிரணாபுக்கு வாக்களித்ததும் வாக்களிக்காமல் விட்டதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் நினைத்தாலும், இரண்டுமே எண்ணப்படுவதிலிருந்து தப்பிக்கும் வழிகள். ஒன்றை ‘நடைமுறைத் தந்திரம்’ என்றும் மற்றதைக் ‘கொள்கை உறுதி’ என்றும் அழைத்துக்கொண்டோம். பிரசேன்ஜித் போஸின் விமர்சனத்தோடு எனக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆனால் வாக்களிக்காமல் இருப்பதைத் தூய்மை என்று கொண்டாடியவர்களோடு இல்லை. தூய்மை என்பது ஒதுங்கி நிற்பது என்றால் அதற்குக் கட்சி எதற்கு, மடம் போதாதா?

கட்சி என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கிராம்ஷி ‘நவீன இளவரசன்’ என்று கட்சியைச் சொன்னபோது, மேலிருந்து வருவதும் கீழிருந்து போவதும் இடைவிடாமல் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் ஒரு உடம்பை மனதில் வைத்திருந்தார். அந்த ஓட்டம் நின்றால் மிஞ்சுவது அதிகாரவர்க்க மத்தியத்துவம். நம்மூரில் ஜனாதிபதி வேட்பாளர் விஷயம் கீழே வருவது, முடிவாகி அறிக்கையாக வந்த பிறகுதான். கேட்டால் ‘நேரமில்லை தோழர்’ என்பார்கள். ஜாகிர் ஹுசேன், ஃபக்ருதீன் போல நடுவில் இறந்தாலொழிய, ஜனாதிபதித் தேர்தல் எந்த மாதம் வரும் என்பது ஐந்து வருடம் முன்பே தெரியும். கிளைக்கூட்டத்தில் ஒரு சாயங்காலம் பேச ஐந்து வருடத்தில் நேரமில்லையா? அமெரிக்காவில் 1968இல் உட்கட்சித் தேர்தல் எதிலும் நிற்காத ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி மாநாடு வேட்பாளராக்கியபோது சிக்காகோ தெருக்களில் ரத்தம் ஓடியது. அதன்பின் விதிகளை மாற்றினார்கள். புதிய விதியில் 1972இல் வந்த மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். இதைக் காட்டி ‘தொண்டனிடம் விட்டால் இப்படித்தான்’ என்பவர்கள் அங்கேயும் உண்டு. தோற்றாலும் அவர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவரோடு தோற்றார்கள்.

2022ஐ வேகமாகக் கடந்துவிடலாம். ஆதிவாசிப் பெண்ணான திரௌபதி முர்முவுக்கு எதிராகத் தி.மு.க.வும் இடதுசாரிகளும் காங்கிரசும் நிறுத்தியவர் வாஜ்பாய் அரசின் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. இதைக் கருத்தியல் போர் என்றார்கள். காங்கிரசின் கூட்டாளியான ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா முர்முவுக்கு வாக்களித்தது; அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதித் தேர்தல். சி.பி.ராதாகிருஷ்ணன் தமிழர், ஆதரியுங்கள் என்று கேட்டார்கள். தி.மு.க. மறுத்து சுதர்சன் ரெட்டிக்குப் போட்டது, 452க்கு 300. தமிழர் என்பதற்காக ஆதரித்தால் என்ன கிடைக்கும் என்பது 1991லிருந்தே அந்தக் கட்சிக்குத் தெரியும்.

இந்தக் கேள்வி நேரடியாக மக்களின் கைக்கே வந்த இடம் ஈழம். அங்கே ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், வாக்குச்சீட்டில் நம் சீட்டைப் போலவே விருப்ப வரிசையும் உண்டு. 2010இல் ராஜபக்சவைத் தோற்கடிக்க, முந்தைய ஆண்டின் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்கச் சொன்னது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. குறைந்த தீமை என்ற தர்க்கம் இதற்கு மேல் போக முடியாது. 2024 செப்டம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளராக பா.அரியநேத்திரன் நின்றார். அவர் தமிழரசுக் கட்சிக்காரர்; கட்சியோ சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. கட்சிக்குள் சிலர் கட்சியோடு, சிலர் அரியநேத்திரனோடு. அவருக்கு விழுந்தது 2,26,343 வாக்கு. அதே தேர்தலில்தான் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ண நேர்ந்தது. ‘ஒன்று அரியநேத்திரனுக்கு, இரண்டு சஜித்துக்கு’ என்று ஒரு கட்சி சொல்லியிருந்தால் அது துரோகமும் இல்லை, சரணாகதியும் இல்லை. சீட்டிலேயே அதற்கு இடம் இருந்தது. ஆனால் அங்கேயும் சண்டை ஒன்றாம் எண்ணைச் சுற்றியேதான் நடந்தது.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. தேதி தெரிந்தாயிற்று. ‘நேரமில்லை தோழர்’ என்ற பதில் இந்த முறை 2027 ஜூனில் வருவதற்கு முன்னால், மதுரையின் கிளைகளிலாவது இரண்டு கேள்விகளை எழுதிக்கொடுத்துப் பதில் கேட்கலாம் என்று ஆனையூர்க் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்: ஒன்றாம் எண் யாருக்கு, இரண்டாம் எண் யாருக்கு? கல்லூரிப் பையன் இப்போது வேலைக்குப் போய்விட்டான், ஆனாலும் வருகிறான். கேள்வித்தாளை அடிப்பது அவன் பொறுப்பு.